கடலுக்கும் ஒரு ஜாகா

சிங்கப்பூருக்கு வருகிற நம் தோட்டத்து மக்கள் என்ன பார்ப்பார்கள்? தேக்கா மார்க்கெட்டில் ஒரு சுற்று. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு. கல்யாணத்துக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, திரும்புகையில் கையில் இரண்டு முழம் மல்லிகை. பொழுது சாய்வதற்குள் பஸ் பிடித்து ஜொகூர் பாலம் தாண்டிவிட்டால் பயணம் முடிந்தது. நானும் பல வருடங்களாக அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

இந்த முறை கொஞ்சம் வேறு பக்கம் வாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறுங்கள். அவுட்ரம் பார்க்கில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறி, மேற்கே போகிற வண்டியில் உட்காருங்கள். கடைசி நிலையம் வரும் வரை எழுந்திருக்க வேண்டாம். ஜூரோங் தாண்டியதும் அடுக்குமாடி வீடுகள் குறைந்துபோகும். கண்ணுக்கு எட்டிய தூரம் தொழிற்சாலைக் கூரைகளும் பளுதூக்கிகளும்தான். ஓரிடத்தில் மேலே ரயில், அதன் கீழே மேம்பாலச் சாலை, அதற்கும் கீழே தரைச் சாலை என்று மூன்று அடுக்காகப் போகும். வெளியே பார்த்துக்கொண்டே வந்தால் கடைசி நிலையத்தின் பெயர்ப்பலகை தெரியும்: துவாஸ் லிங்க். 2017 ஜூன் 18-ஆம் தேதி திறக்கப்பட்ட பாதை இது.

கோயிலா, கடைத்தெருவா, துவாஸில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் தங்கை மகன் அவர்களில் ஒருவன். தோட்டம் வீடமைப்புக்காரர்களிடம் போனபிறகு கேலாங் பாத்தாவில் குடியிருக்கிறான். துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பற்றவைப்பு வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து, இரண்டாவது பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவன். ஓய்வு நாளாயிருந்தும் எனக்காக வந்து நிலையத்து வாசலில் நின்றான்.

"வாங்க மாமா. இங்க வந்து பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு அம்மா சிரிக்குது" என்றான்.

"உன்னைத்தான் பாக்க வந்தேன்டா" என்றேன்.

கிளை போட்டு மீன் பிடித்த ஊர்

துவாஸ் என்பது மலாய்ச் சொல். முன்னாளில் இந்தக் கரையில் மலாய் மீனவர்கள் மரக்கிளைகளையும் ஓலைகளையும் கடலில் இறக்கிவைப்பார்களாம். நிழல் தேடி மீன்கள் அதன் கீழே கூடும். கூடியதும் வலையை மேலே தூக்குவார்கள். அப்படித் தூக்குவதைக் குறிக்கும் சொல்லே ஊர்ப் பெயராயிற்று என்று சொல்வார்கள்.

1980-களில் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தார்கள். தொழிற்சாலைகள் வந்தன. 1998 ஜனவரி 2-ஆம் தேதி ஜொகூரையும் துவாஸையும் சேர்க்கும் இரண்டாவது பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி துவாஸ் பெருந்துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

இவற்றுக்கு நடுவே, 1994 செப்டம்பரில் இங்கே ஒரு கடற்படைத் தளமும் திறக்கப்பட்டது. அதற்குள் நீங்களும் நானும் போக முடியாது. வேலிப் பக்கம் நின்று படம் எடுக்கவும் கூடாது. ஆனால் தங்கை மகன் என்னை அழைத்துப்போன கடலோரத்தில் நின்றால் பாலம் தெரிகிறது, அக்கரையில் ஜொகூர் தெரிகிறது, நடுவே நீரிணை. சற்று நேரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் தூரத்தில் மெல்ல நகர்ந்து போயிற்று.

"நேவி கப்பல் மாமா. ராத்திரி பகல்னு இல்ல, சுத்திக்கிட்டே இருக்கும்" என்றான்.

எனக்கு எங்கள் தோட்டத்து ஜாகாவின் நினைவு வந்தது. கையில் டார்ச் லைட்டும் தடியுமாக ஸ்டோரையும் புகைக்கூடத்தையும் இரவெல்லாம் சுற்றி வருவாரே, அவரேதான். காலையில் பெரட்டுக்கு நாம் வரிசையில் நிற்கும்போது அவர் தூங்கப் போவார். ஒன்றும் நடக்காத வரையில் அவர் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. கடலுக்கும் அப்படி ஒரு ஜாகா உண்டு. அதன் பெயர்தான் ரோந்துப் படகு. அந்தப் படகுகளின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மரப்படகு நாட்கள்

சிங்கப்பூர்க் கடற்படையின் கதை பங்லீமா என்ற பெயரில் தொடங்குகிறது. மலாய் மொழியில் பங்லீமா என்றால் படைத்தலைவன். வெள்ளைக்காரர் காலத்தில், 1934-இல், நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று கடற்படைத் தொண்டூழியப் படை ஒன்று அமைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தர 1937-இல் ஒரு சிறு கப்பல் கடலில் இறங்கியது. அதுதான் முதல் பங்லீமா. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது போரில் அது அழிந்தது.

போர் முடிந்ததும் இரண்டாவது கப்பல் ஒன்று அதே பெயரோடு வந்தது. 1956 ஜனவரியில் மூன்றாவது பங்லீமா இறங்கியது. இது சிங்கப்பூரிலேயே யுனைடெட் எஞ்சினியர்ஸ் பட்டறையில் கட்டியது. எடை 119 டன்தான். இன்றைய பெரிய கப்பல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் யானைக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி போலத்தான் இருக்கும். மலேசியாவோடு சிங்கப்பூர் சேர்ந்திருந்த காலத்தில் மலேசியக் கடற்படையின் கீழ் இருந்தது. பிரிவினைக்குப் பிறகு சிங்கப்பூரிடம் வந்து சேர்ந்தது.

1965-இல் தனி நாடானபோது சிங்கப்பூரிடம் கடற்படை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை. பழைய படகுகள் சிலவே. 1967 மே 5-ஆம் தேதி தன் கடற்படைக் கொடியை முதன்முதலாக ஏற்றியது. இன்றும் அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த நேரத்தில் இன்னொரு செய்தி இடிபோல் வந்தது. செம்பவாங்கில் இருந்த பெரிய பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை மூடப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அந்தத் தளத்தை மறக்க முடியுமா? நம் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த இடம். கப்பல்துறையில் இரும்படித்தவர்கள், வர்ணம் பூசியவர்கள், கணக்கெழுதியவர்கள், அவர்களுக்குச் சாப்பாட்டுக்கடை வைத்தவர்கள் என்று ஓர் ஊரே அங்கே இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது நம் வீடுகளில் எப்படி இருந்ததோ அப்படித்தான் அங்கே அன்று இருந்திருக்கும். வேலையும் போகிறது, அதோடு சேர்ந்து வாசலும் போகிறது.

பிரிட்டிஷ்காரன் போய்விட்டால் கடலை யார் பார்ப்பது? அதனால்தான் 1968-இலேயே ஆறு ரோந்துப் படகுகளுக்கு வோஸ்பர் தோர்னிகிராஃப்ட் என்ற கம்பெனியிடம் சொல்லிவைத்தார்கள். முதல் படகு 'இண்டிபெண்டன்ஸ்' இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கட்டப்பட்டு 1970-இல் சேவைக்கு வந்தது. அதைத் தொடர்ந்த 'ஃப்ரீடம்', 'ஜஸ்டிஸ்' இரண்டையும் சிங்கப்பூரில் தஞ்சோங் ரூவிலேயே கட்டினார்கள். சுதந்திரம், விடுதலை, நீதி என்று தமிழில் சொல்லலாம். ஒரு சின்ன நாடு தன் முதல் படகுகளுக்கு என்ன பெயர் வைத்தது பாருங்கள்!

படகின் நீளம் 33 மீட்டருக்குச் சற்று அதிகம். முழு வேகத்தில் 32 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 59 கிலோமீட்டர். ஆட்கள் சுமார் இருபது பேர். முன்னால் ஒரு பீரங்கி, பின்னால் ஒரு சிறு பீரங்கி. அவ்வளவுதான்.

லாஜு போன பாதை

ஜாகாவின் அருமை திருடன் வந்த அன்றுதான் தெரியும். இந்தப் படகுகளுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது.

1974 ஜனவரி 31. நான்கு ஆயுதக்காரர்கள், இரண்டு ஜப்பானியர், இரண்டு அரபியர், புக்கோம் தீவில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் புகுந்து குண்டு வைத்தார்கள். எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெரிய சேதம் இல்லை. தப்பி ஓட வழி பார்த்தவர்கள் கரையில் நின்ற 'லாஜு' என்ற பயணிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த ஐந்து பணியாளர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடினார்கள். லாஜு என்றால் மலாயில் வேகம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கடற்படையின் படகுகளும் கடற்போலீசின் படகுகளும் துரத்திப்போய்க் கிழக்கு நங்கூரப் பகுதியில் லாஜுவை வளைத்துக்கொண்டன. ஒரு குண்டு சுட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிணையாளிகளின் உயிரும் முடிந்திருக்கும். சுடவில்லை. சுற்றி நின்றார்கள். இரவும் பகலும் நின்றார்கள். இரண்டு பிணையாளிகள் இரவில் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். மற்றவர்களுக்காகப் பேச்சுவார்த்தை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது.

கடைசியில் ஆயுதக்காரர்களை விமானத்தில் குவைத்துக்குக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. வழியில் அவர்கள் பத்திரமாய் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமாகச் சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் கூடவே போனார்கள். தாங்களே பிணையாகப் போனார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? செல்லப்பன் ராமநாதன். எஸ்.ஆர்.நாதன் என்றால் உங்களுக்குப் புரியும்.

சிறு வயதில் மூவாரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டங்களின் காரியங்களைப் பார்த்த வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். நாதன் கடலோடிகளின் நலனைக் கவனிக்கும் அதிகாரியாகவும் வேலை பார்த்திருக்கிறார். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தார். 2016-இல் காலமானார். அவர் அதிபரானதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், நான்கு ஆயுதக்காரர்களோடு ஒரே விமானத்தில் ஏறினாரே, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

96-ஆம் எண்

அந்தப் பழைய படகுகளுக்கு வயதாயிற்று. 1990-களில் துவாஸுக்குப் பக்கத்துப் பகுதியான பெனோயில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் 12 புதிய ரோந்துக் கப்பல்களைக் கட்டினார்கள். 55 மீட்டர் நீளம், 500 டன். விசிறிக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் இயந்திரம். அதனால் சட்டென்று திரும்பவும் சட்டென்று நிற்கவும் முடியும். 1996-இல் 'ஃபியர்லெஸ்' முதலில் சேவைக்கு வந்தது. அச்சமற்றது என்று பொருள். அதே ஆண்டில் வந்த இன்னொன்றின் பெயர் 'கரேஜியஸ்', துணிவுள்ளது. பக்கவாட்டில் எழுதியிருந்த எண் 96.

வாசகர்களே, இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கப்பலில் இரவுக் காவல் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் முறை வைத்துக் காவல் நிற்பார்கள். ஒருவர் முறை முடிந்ததும் அடுத்தவர் வருவார். அந்த நேரத்துக்கு ஒரு காவல் அதிகாரி இருப்பார். கப்பல் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது அவர். திரையில் ரேடார் காட்டும். ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இருட்டில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கப்பல் நேரே உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். அப்போது இரண்டு கப்பலும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இது உலகத்துக்கெல்லாம் பொதுவான கடற்சட்டம்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த நிரையில் ஒரு வெளிச்சம் ஆடினால் யார் வருகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நமக்குத் தெரியும். கடலில் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு மலையே வருகிறது, அதுதான் வித்தியாசம்.

2003 ஜனவரி 3-ஆம் தேதி இரவு. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், பெட்ரா பிராங்கா பாறைக்குப் பக்கத்தில் 'கரேஜியஸ்' ரோந்து போய்க்கொண்டிருந்தது. 1851 முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிற பாறை அது. உலகத்தின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று. எதிரே 'ஏ.என்.எல். இந்தோனேசியா' என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் வந்தது. அந்த நேரம் கப்பலை நடத்திக்கொண்டிருந்தவர் பயிற்சியில் இருந்த ஓர் இளம் அதிகாரி. அவரைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரி ஒருவரும் இருந்தார். வலப்பக்கம் ஒதுங்க வேண்டிய கப்பல் இடப்பக்கம் திரும்பியது. ஒருமுறை அல்ல, அடுத்தடுத்துத் திரும்பியது. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் சரக்குக் கப்பலின் முன்பகுதி 'கரேஜியஸ்' கப்பலின் பின்புறத்தைப் பிளந்துகொண்டு போயிற்று.

பெண் பணியாளர்கள் தங்கும் இடம் அந்தப் பின்புறத்தில்தான் இருந்தது. நான்கு பெண்கள் இறந்தார்கள். மூவரின் உடல் கிடைத்தது. நான்காவது பெண்ணின் உடல் கிடைக்கவேயில்லை.

போர் இல்லை. கொள்ளைக்காரன் இல்லை. புயல் இல்லை. தங்கள் முறை முடிந்தவர்கள், விழித்திருக்க வேறு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஓய்வெடுக்கப் போனவர்கள். கப்பலில் ஒருவர் கண்ணை மூடுவதற்கு அந்த நம்பிக்கை ஒன்றுதான் பாய், அதுதான் தலையணை.

வழக்கு நடந்தது. பயிற்சியில் இருந்த அதிகாரி, கண்காணிக்க வேண்டிய அதிகாரி, இருவரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆளானார்கள். 2004-இல் உயர் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. பயிற்சியில் இருப்பவர் என்பதற்காகச் சட்டம் கேட்கிற கவனத்தின் அளவு குறையாது. புதிய ஆள் ஓட்டினாலும் பழைய ஆள் ஓட்டினாலும் எதிரே வருகிறவனின் உயிர் ஒன்றுதானே!

'கரேஜியஸ்' மறுபடி சேவைக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டில் ஒன்று குறைந்தது.

என் கையால் பட்ட தீ

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"போன மாசம் எங்க பட்டறையில புதுப் பையன் ஒருத்தனை என்கூட விட்டாங்க மாமா. நைட் ஷிஃப்ட்டு. டேங்குக்குள்ள வேலை. 'நீ பாத்துக்கோ, நான் டீ குடிச்சிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போகலாம்னு எத்தனையோ தடவை தோணும்."

"போயிருக்கியா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவை" என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பதினேழு வயதில் தோட்டத்துப் புகைக்கூடத்தில் எனக்கு வேலை. வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பழைய ஆள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. 'அடுப்பைப் பார்த்துக்க தம்பி' என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பெரிய மனுசன் மாதிரி தலையாட்டினேன். நடு இரவில் கண்ணசந்துபோனேன். விழித்தபோது மேலே தொங்கிய ஷீட்டில் தீ. ஜாகாதான் முதலில் பார்த்துவிட்டு மணியடித்தார். பக்கத்து வரிசை வீடுகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. காற்று அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதனால்தான் இதை இன்று உங்களுக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று போனது ஷீட்டும் கூரையும்தான். அந்த ஜாகா அன்றைக்குத் தூங்கியிருந்தால்? அந்தக் கேள்வி இத்தனை வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத அந்தக் கதையைத் துவாஸ் கடலோரத்தில் தங்கை மகனிடம் சொன்னேன்.

பெயர் சொல்ல ஒரு பேரன்

நம்மில் பேரன் என்றாலே தாத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறவன். படகுகளுக்கும் அந்த வழக்கம் உண்டு. 1970-இல் வந்த 'இண்டிபெண்டன்ஸ்' ஓய்வு பெற்றபின், 1998-இல் அதே பெயரில் ஒரு ரோந்துக் கப்பல் வந்தது. அதுவும் ஓய்ந்தபின், 2017 மே 5-ஆம் தேதி, கடற்படையின் 50-ஆவது ஆண்டு நாளில், மூன்றாவது 'இண்டிபெண்டன்ஸ்' சேவையில் சேர்ந்தது. இந்தப் புதிய வகைக் கப்பல்கள் மொத்தம் எட்டு. கடைசி மூன்றும் 2020 ஜனவரியில் சேர்ந்தன.

நீளத்தைப் பாருங்கள். தாத்தா 33 மீட்டர், அப்பா 55 மீட்டர், பேரன் 80 மீட்டர். எடை 1,250 டன். ஆனால் ஆட்கள்? தாத்தா காலத்தில் சுமார் இருபது பேர். இத்தனை பெரிய கப்பலிலும் அடிப்படைக் குழு 23 பேர்தான். முன்பு தனித்தனியாக இருந்த கப்பல் ஓட்டும் இடம், போர்த் தகவல் அறை, இயந்திரக் கட்டுப்பாட்டு அறை மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். மிஷின் வந்தால் ஆள் குறையும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. ஆனால் ஆள் குறையக் குறைய, மிச்சமிருக்கிற ஒவ்வொருவரின் கண்ணுக்கும் பொறுப்பு கூடுகிறது. இருபது வீட்டுக்கு ஒரு ஜாகா என்பது போய் நூறு வீட்டுக்கு ஒரு ஜாகா என்றால் அவர் எத்தனை விழிப்பாக இருக்க வேண்டும்!

எட்டுப் புதிய கப்பல்களில் 'ஃபியர்லெஸ்' உண்டு, 'டோண்ட்லெஸ்' உண்டு, 'ஜஸ்டிஸ்' உண்டு. பழைய பெயர்கள் எல்லாமே திரும்ப வரவில்லை. வராத பெயர்களில் 'கரேஜியஸ்' ஒன்று.

இன்னொரு சேதி கேளுங்கள். ஓய்வு பெற்ற அந்த 1990-களின் கப்பல்களில் நான்கைச் செப்பனிட்டு 2021 முதல் மறுபடி காவலுக்கு அனுப்பினார்கள். நீரிணையில் திருட்டும் கொள்ளையும் தலைதூக்கியதால் அனுபவமுள்ள படகுகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 'சென்டினல்', 'கார்டியன்', 'புரொடெக்டர்', 'பாஸ்டியன்' என்று புதுப் பெயரும் வைத்தார்கள். முதல் மூன்றுக்கும் காவல் காப்பவன் என்கிற பொருள்தான். நான்காவது கோட்டை அரண். பென்ஷன் வாங்கின கங்காணியைக் கம்பெனி திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட கதைதான்!

பாலத்தின் மேலே

பொழுது சாய்ந்தது. இரண்டாவது பாலத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. தொழிற்சாலை பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் அக்கரை நோக்கி வரிசையாகப் போயின. அதில் எத்தனை நம் வீட்டுப் பிள்ளைகள்! கூலாயிலும் ஸ்கூடாயிலும் பொந்தியானிலும் சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்!

என் தங்கையும் அப்படித்தான். மகன் இரவு வேலைக்குப் போனால் அவளுக்குத் தூக்கம் வராது. விடியற்காலை கதவு தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கண் மூடுவாள். அந்த நான்கு பெண்களின் வீட்டிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது வந்தது வேறு செய்தி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கை மகன் சொன்னான்: "நாளைக்கு அந்தப் பையனுக்கு மறுபடியும் நைட் மாமா."

"நீ?"

"நானும் கூட இருப்பேன். டீயை ஃப்ளாஸ்க்ல கொண்டு போயிடுறேன்."

அடுத்த முறை சிங்கப்பூர் வரும்போது ஒரு மத்தியானத்தைத் துவாஸுக்கு ஒதுக்குங்கள். தேக்காவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகலாம். தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் கொளுத்தும். தளத்தின் பக்கம் கேமராவை நீட்ட வேண்டாம். கடலோரத்தில் நின்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் போனால் பிள்ளைகளுக்குக் காட்டி, 'அதுதான் கடலுக்கு ஜாகா' என்று சொல்லுங்கள். 96-ஆம் எண் கப்பலின் கதையையும் சொல்லுங்கள். அதோடு, உங்கள் வீட்டிலிருந்து இரவு வேலைக்குப் போகிற பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: 'நீ முழிச்சிருக்கேன்னு நம்பி அங்க யாருப்பா தூங்குறாங்க?'